தொடரைப் பார்த்து அழுத மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். வயது 45, மருத்துவமனையில் தாதி. கணவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை. மாமியாரும் உடன் இருக்கிறார். ஒரே மகளுக்கு 17 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாமாண்டு.

ஒரு நாள் இரவு வேலை முடிந்து காலையில் வீடு திரும்பியபோது, மகள் சோபாவில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாளாம். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அம்மா திறந்து பார்த்தார். 'நார்மல் பீப்பிள்' என்ற தொடர், மூன்றாம் பகுதியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மகள் கல்லூரிக்குப் போனபின் முதல் மூன்று பகுதிகளையும் தானே பார்த்திருக்கிறார். இரண்டாம் பகுதியில் வரும் படுக்கையறைக் காட்சி அவரைத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. அன்றிரவே மகளின் கைப்பேசியையும் எடுத்துப் பார்த்தார். அதே கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கும் 19 வயதுப் பையன் ஒருவனுடன் சில மாதங்களாகப் பழக்கம் என்று தெரியவந்தது. "தமிழ்ப் பையன்தான். ஆனால் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம். நாங்கள் ஐந்தறை வீட்டுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தோம் என்று அவளுக்குத் தெரியாதா?" என்று எழுதுகிறார்.

கைப்பேசி, மடிக்கணினி இரண்டும் இப்போது அம்மாவின் அலமாரியில். மகள் யாரிடமும் பேசுவதில்லை. கேள்விகள் நான்கு: இந்தத் தொடர்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டதா? அவளுக்கு 18 ஆகவில்லை என்பதால் பையன்மீது போலீசில் புகார் கொடுக்கலாமா? இருவரும் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டால் என்ன செய்வது? கணவரிடம் சொல்வதா, மறைப்பதா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். பிள்ளைகளின் 'கள்ளத்தனத்துக்கு' ஆதாரமாக ஒரு வாட்ஸ்அப் உரையாடலை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் கேட்கிறாள்: "கேண்டீன்ல உன் ஃபிரண்ட்ஸ் இருந்தா மட்டும் ஏன் என்னைத் தெரியாத மாதிரி போற?" அவன் பதில்: "அப்புறம் பேசலாம்." அதன்பிறகு இரண்டு நாள் அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. நீங்கள் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, பதிவுத் திருமணத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி இதுதான். இதற்கு வருகிறேன். அதற்குமுன், உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் பயங்களில் சிலவற்றை முதலில் இறக்கி வைத்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

காதலிப்பது குற்றமில்லை. சிங்கப்பூரில் பாலியல் உறவுக்குச் சம்மதம் தெரிவிக்கும் வயது 16. அதற்குக் கீழ் என்றால், பிள்ளையே சம்மதித்திருந்தாலும் அது குற்றம். 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. தண்டனைச் சட்டத்தில் செய்யப்பட்டு 2020இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, அந்த வயதுப் பிள்ளையைச் சுரண்டும் வகையிலான உறவு குற்றமாகும். வயது வித்தியாசம், உறவின் தன்மை, ஒருவருக்கு மற்றவர்மீது இருக்கும் பிடி ஆகியவற்றை நீதிமன்றம் பார்க்கும். ஆசிரியர், பயிற்றுநர் போன்றவர்களை மனத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கல்லூரியில் படிக்கும், இரண்டு வயது மூத்த மாணவன் என்பதற்காக மட்டும் யாரும் இதற்குள் வந்துவிடுவதில்லை. மேலும், நீங்கள் படித்த வரையில் அவர்களிடையே உடல் உறவு இருந்ததற்கான அறிகுறியே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போலீசுக்குப் போனால் வழக்கு நிற்காது. உங்களுக்கும் மகளுக்கும் இடையில் மிச்சமிருக்கும் பேச்சும் நின்றுபோகும்.

பதிவுத் திருமணப் பயத்தை விட்டுவிடுங்கள். மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டத்தின்படி இங்கே திருமண வயது 18. அதற்குக் கீழ் என்றால் சிறப்பு அனுமதி வேண்டும். 18 ஆனாலும் 21 வயது வரை பெற்றோர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்ய முடியாது. திருமணத்துக்கு முந்திய ஆயத்த வகுப்புக்கும் போக வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் ஒரு மதிய வேளையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரமுடியாது.

சட்டத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அந்தரங்கப் படங்கள். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமின்றி மற்றவருக்கு அனுப்புவதும், அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுவதும் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றங்கள். பையன் அப்படிப்பட்டவன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 17 வயதுப் பெண் எந்தக் காரணத்துக்காகவும் அப்படியொரு படத்தை அனுப்ப வேண்டியதில்லை என்பதையும், எப்போதோ அனுப்பியிருந்தால்கூட அம்மாவிடம் வந்து சொல்லலாம் என்பதையும் அவள் உங்கள் வாயால் கேட்டிருக்க வேண்டும். அந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் சொல்வதில்லை. மிரட்டல்காரனுக்குக் கிடைக்கும் பலமே அதுதான்.

அந்தத் தொடர்

அதைக் கெட்ட தொடர் என்று என்னால் சொல்ல முடியாது. 17 வயதுப் பிள்ளைக்கு ஏற்ற தொடர் என்றும் சொல்ல மாட்டேன். அதிலுள்ள உடல் காட்சிகள் வயது வந்தவர்களுக்கானவை. ஒரு தாயாக நீங்கள் அதிர்ந்தது நியாயம். ஆனால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் மகளுடன் பேச முடியும்.

அயர்லாந்து எழுத்தாளர் சாலி ரூனி 2018இல் எழுதிய நாவலை 2020இல் 12 பகுதிகளாக எடுத்தார்கள். பணக்கார வீட்டுப் பெண் மேரியான். பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்ளாதவள். அவள் வீட்டைச் சுத்தம் செய்யும் லொரைனின் மகன் கானல். பள்ளியில் எல்லாருக்கும் பிடித்தவன். இருவரும் காதலிக்கிறார்கள். ஆனால் பள்ளியில் அவன் அவளைத் தெரியாதவன் போல நடந்துகொள்கிறான். நண்பர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். நீங்கள் பார்த்த மூன்றாம் பகுதியில் என்ன நடக்கிறது? பள்ளி இறுதி விருந்துக்கு அவன் வேறொரு பெண்ணை அழைக்கிறான். மேரியான் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள்.

உங்கள் மகள் அழுதது எந்த இடத்தில் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். கேண்டீனில் தன்னைத் தெரியாதவன்போல் கடந்து போகிறவனைப் பற்றி அவளுக்குக் கேட்க ஆளில்லை. திரையில் ஒரு பெண்ணுக்கு அதே நடக்கிறது. நீங்கள் படுக்கையறைக் காட்சியில் நின்றுவிட்டீர்கள், அவள் பள்ளி வராந்தாவில் நின்றுவிட்டாள். மகளை அந்தத் தொடர் கெடுக்கவில்லை, சகோதரி. யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்த ஒரு வலியை அவளுக்கே எடுத்துக் காட்டியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

உங்களை உலுக்கிய அந்த இரண்டாம் பகுதிக் காட்சியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் அந்தப் பையன் முன்கூட்டியே சொல்கிறான்: வேண்டாமென்று தோன்றினால் எந்த நேரத்திலும் நிறுத்திவிடலாம், சங்கடப்பட ஒன்றுமில்லை என்று. படப்பிடிப்பிலும் ஐட்டா ஓ'பிரையன் என்பவர் நெருக்கக் காட்சிகளுக்கென்றே ஒருங்கிணைப்பாளராக இருந்தார். நடிகர்கள் எதற்குச் சம்மதிக்கிறார்கள், எதற்குச் சம்மதிக்கவில்லை என்று முன்பே பேசி, நடன அசைவுகளைப்போல ஒவ்வொன்றையும் தீர்மானித்து எடுத்தார்கள். இதைச் சொல்வது காட்சிக்கு வக்காலத்து வாங்க அல்ல. உங்கள் மாமியாரும் மகளும் சின்ன வயதிலிருந்து சேர்ந்து பார்த்த குடும்பத் தொடர்கள் எத்தனையில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது? வேண்டாம் என்று சொன்ன பெண்ணை நாயகன் பேருந்து நிறுத்தம் வரை துரத்துகிறான், கையைப் பிடித்து இழுக்கிறான், கோபத்தில் அறைகிறான், சம்மதம் கேட்காமலே தாலி கட்டுகிறான். அடுத்த வாரம் அவள் அவனுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறாள். அதைச் சோற்றுத் தட்டுடன் உட்கார்ந்து பார்த்தபோது யாரும் பதறவில்லை, முத்தம் இல்லையே! அந்த நாயகன் இங்கே ஈசூனில் அப்படித் தொடர்ந்து ஒரு பெண்ணைத் துரத்தினால், 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டப்படி அவன்மீது நடவடிக்கை எடுக்கலாம். எது பிள்ளையை அதிகம் கெடுத்திருக்கும் என்று எடைபோடும்போது இதையும் தட்டில் வையுங்கள்.

அந்தத் தொடரில் எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம் உடல் காட்சிகள் அல்ல, அதில் இருக்கும் மௌனம். பிற்பாடு இருவரும் டப்ளினில் பல்கலைக்கழகம் போகிறார்கள். கானலுக்குப் பகுதிநேர வேலை போகிறது, அறை வாடகை கட்டப் பணம் இல்லை. கோடை விடுமுறையில் உன் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்க வாய் வரவில்லை. ஊருக்குப் போகிறேன் என்கிறான். அவன் தன்னை விட்டுப் போக விரும்புகிறான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததால் பிரிகிறார்கள். இதைத் தொடர் மிக அழகாகக் காட்டுகிறது. அழகாகக் காட்டுவதுதான் பிரச்சினை. பேசாமலே புரிந்துகொள்வதுதான் பெரிய காதல், ஒருவர் மனத்தை மற்றவர் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்வார் என்று 17 வயதில் எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. என்னிடம் வரும் இளையர்கள் பலர் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு, "அவனுக்கே தெரியணும்" என்கிறார்கள். அவனுக்குத் தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

நம் வீடுகளில் ஒளிந்திருக்கும் காதல்

இப்போது அந்த வாட்ஸ்அப் வரிக்கு வருகிறேன். ஒரு பையன் ஒரு பெண்ணை நண்பர்கள் முன்னால் தெரியாதவள்போல் நடத்துவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவளைத் தன் கூட்டத்துக்குக் காட்ட வெட்கப்படலாம். வேறொரு பெண்ணிடமும் பழகலாம். அல்லது தன்னைப் பற்றித்தான் வெட்கப்படலாம்: வாடகை வீடு, கையில் காசில்லை, இந்தப் பெண்ணின் குடும்பத்துக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். எது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. உங்கள் மகளுக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அவளுக்கு ஏன் தெரியவில்லை? நம் வீடுகளில் காதல் என்றாலே ஒளித்து வைப்பதுதான். தேக்காவில் யாராவது பார்த்துவிடுவார்கள், கோயிலில் யாராவது பார்த்துவிடுவார்கள், சித்தப்பா எம்ஆர்டியில் வருவார் என்று பிள்ளைகள் தள்ளித் தள்ளி நடந்து பழகுகிறார்கள். அப்படிப் பழகிய பெண்ணிடம் ஒருவன், "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று சொன்னால் அவளுக்கு அது இயல்பாகப் படும். தன் வீட்டுக்காக அவளும் அதைத்தானே செய்கிறாள்! அவன் தன்னைப் பாதுகாக்க ஒளிக்கிறானா, தன்னைப் பார்த்து வெட்கப்பட்டு ஒளிக்கிறானா என்று பிரித்துப் பார்க்க அவளிடம் அளவுகோல் இல்லை. வெளிச்சத்தில் நடக்கும் உறவை அவள் பார்த்திருந்தால்தான் இருட்டு எது என்று சொல்ல முடியும். காதலைக் கட்டோடு தடுத்துவிட்டால் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். மோசமாக நடத்துகிறவன் ஒருவன் வந்து சேர்ந்தால் அவனுக்கு வசதியான மறைவிடத்தையும் அதே தடை கட்டித் தந்துவிடுகிறது.

தொடரில் வரும் லொரைனைக் கவனித்தீர்களா? நீங்கள் பார்த்த பகுதிகளிலேயே வருகிறார். மகனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன என்று அவருக்குத் தெரியும். அதற்காக அவர் வீட்டை இரண்டாக்கவில்லை. ஆனால் மேரியானை விட்டுவிட்டு வேறொருத்தியை விருந்துக்கு அழைத்திருக்கிறான் என்று தெரிந்ததும், உன்னை நினைத்து வெட்கப்படுகிறேன் என்று சொல்லிவிட்டு மகனின் காரிலிருந்து இறங்கிப் பேருந்தில் போய்விடுகிறார். காதலித்தாயா என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை எப்படி நடத்தினாய் என்பதுதான் அவர் கோபம். அந்த ஊர் வேறு, நம் வழக்கம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தாய்க்கு அந்தக் கோபம் நம் ஊரிலும் பொருந்தும். அது உங்கள் மகளின் பக்கம் நிற்கும் கோபம்.

மகளிடம் எப்படிப் பேசுவது

முதலில் மடிக்கணினியையும் கைப்பேசியையும் திருப்பிக் கொடுங்கள். அவள் படிப்பே மடிக்கணினியில்தான் இருக்கிறது. கொடுக்கும்போது, மெசேஜைப் படித்தது உண்மை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பயத்தில் செய்தேன், இனி உன்னைக் கேட்காமல் எடுக்க மாட்டேன் என்று சொன்னால் உங்கள் மரியாதை குறையாது. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். மாமியார் தூங்கிய பிறகு, அல்லது இருவரும் வெளியே நடக்கப் போகும்போது பேசுங்கள். முகத்துக்கு முகம் உட்கார வைத்தால் விசாரணை ஆகிவிடும்.

"உனக்கு லவ் இருக்கா?" என்று ஆரம்பிக்காதீர்கள். பதில் உங்களுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அந்த மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்கலாம். "நானும் பார்த்தேன்மா. அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கே வராம போயிட்டாளே, எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அந்தப் பையன் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதுல்ல?" இவ்வளவு போதும். அப்புறம் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். அன்றே பேச மாட்டாள். ஒரு வாரம் கழித்து, நீங்கள் சமையலறையில் ஏதோ செய்துகொண்டிருக்கும்போது வந்து நிற்பாள். அப்போது கையில் இருக்கும் வேலையை விட்டுவிடாமல், அடுப்பைப் பார்த்தபடியே கேளுங்கள். பிள்ளைகளுக்கு அது எளிது.

அவள் பேசத் தொடங்கியபின் அவளே தனக்குக் கேட்டுக்கொள்ளும்படி சில கேள்விகளை விட்டுவையுங்கள். அவனிடம் வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகிறது? கோபப்பட்டு நாள்கணக்கில் பேசாமல் இருக்கிறானா? மற்ற தோழிகளைப் பார்க்கவிடாமல் செய்கிறானா? கைப்பேசிக் கடவுச்சொல்லைக் கேட்கிறானா? அவனுடன் பேசிவிட்டு வந்தால் மனம் லேசாகிறதா, கனக்கிறதா? நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். வாடகை வீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம். அதைச் சொன்ன நிமிடமே அவள் அவன் பக்கம் போய்விடுவாள். ஒரு வகையில் அது நியாயமும்கூட. 19 வயதில் அவன் அப்பாவின் வீட்டு அளவுக்கு அவன் பொறுப்பில்லை. அவன் நடத்தைக்கு அவன் பொறுப்பு, அதை மட்டும் பாருங்கள்.

சாப்பாடு, தூக்கம் குறைந்தாலோ, வகுப்புக்குப் போகாமல் இருந்தாலோ, உயிரைப் பற்றி ஏதாவது சொன்னாலோ காத்திருக்க வேண்டாம். அவள் கல்லூரியிலேயே மாணவர்களுக்கான ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 16 முதல் 30 வயதுள்ளவர்களுக்கென்று மனநலக் கழகத்தின் 'சாட்' சேவை இருக்கிறது. தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸின் 1767 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அடி, மிரட்டல், படங்களை வைத்துப் பயமுறுத்தல் என்று ஏதாவது தெரியவந்தால் வன்முறை, பாலியல் தொல்லைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000, அவசரமென்றால் போலீசுக்கு 999. அப்படி நடந்தால் மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வெட்கத்தில் பிள்ளைகள் முதலில் அழிப்பது அவற்றைத்தான்.

கணவரிடம்

சொல்லுங்கள். ஆனால் மகளிடம் ஒரு முறையாவது பேசிய பிறகு, அப்பாவிடம் சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிவித்துவிட்டுச் சொல்லுங்கள். அவர் கோபக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது மறைத்து, பிறகு வேறு யார் மூலமாவது அவர் கேள்விப்பட்டால் கோபம் இரண்டு பேர்மேல் விழும். சொல்லும்போது, "உங்க மகள் காதலிக்கிறா" என்று தொடங்க வேண்டாம். "நம்ம பிள்ளைய ஒருத்தன் மத்தவங்க முன்னாடி மதிக்க மாட்டேங்கிறான்னு நினைக்கிறேன், அவ மனசு உடைஞ்சு கிடக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கோபம் வந்தாலும் அது மகள்மீது பாயாமல் மகளுக்காக வரும். மாமியாருக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, இது உங்களுக்குக் கடினமாக இருக்கும். பேச்சு வார்த்தை ஓரளவு சரியானபின், அவன் உன் நண்பன்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல் என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள். காதலை அங்கீகரித்ததாக ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. படிப்பு முடியும்வரை என்னென்ன வரம்புகள், இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் அப்போதும் நீங்கள்தான் சொல்வீர்கள். ஆனால் அவன் வந்தால், அவன் எப்படிப்பட்டவன் என்று நீங்களே நேரில் பார்க்கலாம். சாக்குச் சொல்லி வராமலே இருந்தால், அதை உங்கள் மகள் பார்ப்பாள். எது நடந்தாலும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.